தொலைமருத்துவம் தொடங்கும் இளம் மருத்துவர்களுக்கு

படிப்பை முடித்துப் புதிதாகத் தொழிலுக்கு வரும் மருத்துவர்கள் பலர், கிளினிக் திறக்கும்போதே காணொளி வழியாகவும் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். தேனி மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் பொது மருத்துவராக இருக்கும் என்னிடம் அவர்களில் சிலர் யோசனை கேட்பதுண்டு. எந்தச் செயலி நல்லது, கட்டணம் எவ்வளவு வைக்கலாம், பணத்தை முன்பே வாங்கிக்கொள்ளலாமா என்பவைதாம் பெரும்பாலும் முதலில் வரும் கேள்விகள். அவற்றுக்கு விடை சொல்வது எளிது. ஆனால் தொலைவிலிருந்து செய்யும் வைத்தியம் கெடுவதற்கும் செயலிக்கும் நான் பார்த்தவரை பெரிய தொடர்பில்லை. எந்தத் தொல்லையைத் தொலைவிலிருந்து பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதை அழைப்பின் தொடக்கத்திலேயே முடிவெடுக்காமல் விடுவதாலும், மறுமுனையில் நோயாளியின் பக்கத்தில் யார் இருக்கிறார், அவரால் என்ன செய்ய முடியும் என்று விசாரிக்காமலேயே மருந்தைச் சொல்லிவிடுவதாலும்தான் அது கெடுகிறது. அதைப் பற்றித்தான் இங்கே சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

சட்டத்தின் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் மருத்துவர்கள் இருவருக்கு முன்ஜாமீன் தர மறுத்தது. அறுவைச் சிகிச்சையில் பிரசவித்து வீடு திரும்பிய ஒரு பெண், உடல்நிலை மோசமாகி மீண்டும் அதே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்; மருத்துவர்கள் அங்கே இல்லாத நிலையில் தொலைபேசியில் சொல்லப்பட்ட மருந்துகள் அவருக்குக் கொடுக்கப்பட்டன; அவர் இறந்துபோனார். அந்த உத்தரவுக்குப் பிறகு, தொலைபேசியில் ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்வதே குற்றமாகிவிடுமோ என்ற அச்சம் நம் தொழிலில் பரவியது. கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள்தாம் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தன. பதிவு பெற்ற அலோபதி மருத்துவர் எவரும் நாட்டின் எந்த மூலையில் உள்ள நோயாளிக்கும் தொலைவழியில் ஆலோசனை தரலாம் என்று அவை சொல்கின்றன. நேரில் பார்க்கும்போது எந்த அளவு கவனம் எதிர்பார்க்கப்படுகிறதோ, அதே தொழில்நெறியும் பொறுப்பும் இங்கும் உண்டு என்றும் சொல்கின்றன. இந்த இரண்டாவது பகுதியைப் பலர் படிப்பதே இல்லை. அந்த ஆவணம் முழுவதையும் ஓர் உட்காரலில் படித்துவிடலாம்; படிக்காமல் முதல் அழைப்பை ஏற்காதீர்கள்.

மேற்சொன்ன முதல் முடிவுக்கு வருகிறேன். தொலைவில் இருந்துகொண்டு நம்மால் தொட முடியாது, தட்டிப் பார்க்க முடியாது, ஸ்டெதாஸ்கோப் வைக்க முடியாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நோயாளி தன் நோய்க்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டு வரும்போது, இந்தக் குறைபாடு நமக்கு மறந்துபோகிறது. "நெஞ்செல்லாம் வாயு அடைச்ச மாதிரி இருக்கு டாக்டரம்மா, கேஸ் மாத்திரை ஒண்ணு சொல்லுங்க" என்று ஐம்பது வயதைத் தாண்டிய, சர்க்கரை நோயுள்ள ஒருவர் கேட்டால், அவர் கேட்பது மாத்திரையைத்தான் என்றாலும் நாம் கேட்க வேண்டியது இசிஜியை. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வழக்கமான நெஞ்சுவலியாக வராமல், மூச்சிரைப்பாகவோ வியர்வையாகவோ மேல்வயிற்று அடைப்பாகவோ வரக்கூடும் என்பதைக் கல்லூரியில் படித்திருக்கிறோம். நேரில் வந்திருந்தால் அவர் முகத்து வியர்வை நமக்குத் தெரிந்திருக்கும். தொலைபேசியில் அது தெரியாது. ஆகவே நெஞ்சுவலி, தாடைக்குக் கீழே தொடங்கும் வலி, புதிதாக வந்த மூச்சுத்திணறல், கை கால் வாய் ஒருபக்கம் இழுத்தல், கர்ப்பிணியின் தலைவலி, குழந்தையின் ஓயாத வாந்தி ஆகியவற்றில் எதைக் கேட்டாலும், நம் வேலை அவரை அருகிலுள்ள மருத்துவமனைக்கு எப்படி அனுப்புவது என்பதோடு முடிந்துவிட வேண்டும். கர்ப்பிணியின் தலைவலிக்குப் பாராசிட்டமால் சொல்லிவிட்டு, அவருடைய ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்காமல் விடுவது மன்னிக்க முடியாத கவனக்குறைவு.

டெங்குவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இந்தப் பொறி காத்திருக்கிறது. காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் ஒரு தாய் அழைக்கிறார். பாராசிட்டமால், நிறைய நீராகாரம், ரத்தப் பரிசோதனை என்று சொல்கிறோம். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மறுபடி அழைத்து, "காய்ச்சல் விட்டிருச்சு, ஆனா பிள்ளை சோர்ந்து படுத்தே கிடக்கான்" என்கிறார். காய்ச்சல் விட்டதைக் கேட்டதும் நாமும் நிம்மதியடைந்து, சோர்வு போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லி வைத்துவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. டெங்குவில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் கடுமையான கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மந்தமாகக் கிடத்தல் அல்லது நிலைகொள்ளாமல் தவித்தல், கை கால் சில்லிட்டுப் போதல், சிறுநீர் குறைதல் என்று இவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும், பிள்ளை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான் என்று கேட்டால்தான் அந்தத் தாய் யோசித்துப் பார்ப்பார். குடும்பத்தினர் தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டும் படம் பிடித்து அனுப்புவார்கள். அதே தாளில் உள்ள பி.சி.வி. அளவு, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, முந்தைய நாளைவிட ஏறியிருக்கிறதா என்பது, ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும். முழுத் தாளையும் அனுப்பச் சொல்லி அதையும் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு உடம்புவலி என்று கேட்பவருக்குத் தொலைவிலிருந்து டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிமருந்துகளை நான் மழைக்காலத்தில் எழுதுவதே இல்லை.

அடுத்து, மறுமுனையில் யார் என்ற கேள்வி. நம் குடும்பங்களில் நோயாளி ஒருவர், தொலைபேசி வைத்திருப்பவர் மற்றொருவர், மருத்துவரிடம் பேசுபவர் வேறொருவர் என்பது மிக இயல்பு. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் மகன், ஊரில் தனியாக இருக்கும் தாயின் பிரஷருக்காக நம்மை அழைக்கிறார். அவருடைய அக்கறை உண்மையானது. ஆனால் தாய் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, இரவில் எத்தனை முறை எழுகிறார், கால் வீங்கியிருக்கிறதா என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தாயையும் அழைப்பில் சேர்க்கச் சொல்லி, அவரிடமே பேச வேண்டும். முடியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரையோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்க்கும் தன்னார்வலரையோ துணைக்குச் சேர்த்துக்கொண்டு பேச வேண்டும். நோயாளி தானே அழைத்தால் அவருடைய சம்மதம் இருப்பதாகக் கொள்ளலாம் என்றும், மருத்துவரோ சுகாதாரப் பணியாளரோ உடனிருப்பவரோ அழைப்பைத் தொடங்கினால் வெளிப்படையாகச் சம்மதம் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும் என்றும் வழிகாட்டுதல்கள் சொல்வதன் பொருத்தம் இங்கே புரியும். பதினாறு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களைப் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டுமே, அவர் யார் என்பதையும் உறுதிசெய்துகொண்டு பார்க்க வேண்டும். நோயாளியே வெளிநாட்டில் இருந்தால் விஷயம் வேறு. இந்த வழிகாட்டுதல்கள் இந்திய எல்லைக்கு வெளியே செல்லாது. மகன் அங்கே இருந்து தன் இருமலுக்கு மருந்து கேட்டால், அந்த நாட்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்வதே முறை.

பெண் நோயாளிகளின் அழைப்புகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கிளினிக்கில் என்றால், உடன் வந்தவரைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசலாம். வீட்டிலோ தொலைபேசி ஸ்பீக்கரில் இருக்கிறது. மாமியார் அடுப்படியில் இருக்கிறார். கணவர் படத்தில் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைப்படுதல் பற்றியோ, கருத்தடை மாத்திரை பற்றியோ, முகத்தில் உள்ள காயம் எப்படி வந்தது என்பது பற்றியோ அந்தச் சூழலில் ஒரு பெண்ணால் எப்படி உண்மையைச் சொல்ல முடியும்? நான் வழக்கமாகத் தொடக்கத்திலேயே, "அம்மா, உங்ககிட்ட சில விஷயம் தனியா கேக்கணும், ஸ்பீக்கரை எடுத்துட்டுக் காதுல வச்சுப் பேசுறீங்களா?" என்று கேட்பேன். பிறகு, "ஆமாம்", "இல்லை" என்ற ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும்படியாகக் கேள்விகளை அமைத்துக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவருக்குக் கேள்வி கேட்காது. பதிலிலிருந்து எதுவும் விளங்கவும் செய்யாது. அப்படியும் தயக்கம் தெரிந்தால் நேரில் வரச் சொல்வதற்கு ஒரு மருத்துவக் காரணத்தைக் கண்டுபிடிப்பது நம் கடமை. ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொன்னால் வீட்டில் மறுக்க மாட்டார்கள்.

மனம் உடைந்து பேசுபவரின் அழைப்பிலும் சூழல் விசாரணைதான் முதலில். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பேச்சில் தெரிந்தால், அவர் இப்போது எந்த இடத்தில் இருக்கிறார், யார் உடன் இருக்கிறார், கைக்கு எட்டும் தூரத்தில் பூச்சிமருந்தோ மாத்திரைகளோ இருக்கின்றனவா என்பதை மற்ற எதையும்விட முந்திக் கேட்க வேண்டும். இணைப்பைத் துண்டிக்காமல் வேறொரு தொலைபேசியிலிருந்து குடும்பத்தினரை அழைக்க நமக்கு வழி இருக்க வேண்டும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண் (டெலி மானஸ்) நாள் முழுவதும் இயங்குகிறது. ஆனால் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு நாம் வைத்துவிடலாம் என்று அதற்குப் பொருளில்லை.

வீட்டில் எடுக்கும் அளவுகளை நம்புவதில் நிதானம் வேண்டும். பிரஷர் 170 என்று ஒருவர் சொன்னால், எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டு, காணொளியிலேயே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பாதம் தரையில் படிந்து, கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க, ஐந்து நிமிடம் பேசாமல் ஓய்வெடுத்த பிறகு எடுத்தால் அதே மனிதருக்கு 145 வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பருத்த கையில் சிறிய பட்டை கட்டினாலும் அளவு கூடித்தான் காட்டும். கூட்டிச் சொன்ன அளவை நம்பி மாத்திரையைக் கூட்டிவிட்டால், அதிகாலையில் கட்டிலைவிட்டு எழும் முதியவர் தலைசுற்றிக் கீழே விழுவார், இடுப்பெலும்பு முறியும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் தவறு எதிர்த்திசையில் நேர்கிறது. விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு பிசகும் என்பது பலருக்கும் தெரியும். தோல் கறுத்தவர்களிடம் அந்தக் கருவி உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அமெரிக்க மருத்துவமனைகளின் தரவுகளை வைத்து 2020 டிசம்பரில் வெளிவந்த ஓர் ஆய்வில், கருவி நல்ல அளவைக் காட்டும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. நம் மக்களின் நிறத்தை நினைத்தால், 94 என்ற எண்ணைக் கேட்டு ஆறுதலடைவதற்கு முன் அவர் ஒரே மூச்சில் முழு வாக்கியம் பேசுகிறாரா என்று கவனிப்பது நல்லது. குழந்தைக்குச் சளி, இருமல் என்றால் சட்டையைக் கழற்றச் சொல்லி, கேமராவை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நேரே ஒரு நிமிடம் அசையாமல் பிடிக்கச் சொன்னால் மூச்சை நாமே எண்ணிவிடலாம். விலாவுக்குக் கீழே உள்ளிழுப்பதும் தெரிந்துவிடும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்பதை எட்டினாலே வேகமான மூச்சு. காணொளியால் உண்மையாகவே நன்மை கிடைக்கும் இடங்களில் இது ஒன்று. குரல் அழைப்பில் இதைச் செய்ய வழியில்லை. தோல் நோய்ப் படங்களைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் எடுக்கச் சொல்லுங்கள். மஞ்சள் பல்பின் கீழ் மஞ்சள்காமாலை மறைந்துபோகும்.

இனி மருந்துச் சீட்டு. வழிகாட்டுதல்களில் மருந்துகள் பிரித்துப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. பாராசிட்டமால், உப்பு சர்க்கரைக் கரைசல் போன்றவற்றை எந்த வகை அழைப்பிலும் சொல்லலாம். சிலவற்றை முதல் ஆலோசனையாக இருந்தால் காணொளியில் பார்த்த பிறகே எழுதலாம். சிலவற்றை ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளிக்கு, அதே நோய்க்கான தொடர்சிகிச்சையில் மட்டும் சேர்க்கலாம். நேரில் பார்த்து ஆறு மாதத்துக்கு மேலாகிவிட்டால் அது தொடர்சிகிச்சைக் கணக்கில் வராது. கடும் கட்டுப்பாட்டோடு விற்கப்படும் எக்ஸ் அட்டவணை மருந்துகளையும், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளையும் தொலைவழியில் எழுதக் கூடாது. தூக்க மாத்திரையோ கடுமையான வலிமருந்தோ கேட்டு, பழக்கமில்லாத குரல் இரவில் கெஞ்சும்போது, இந்தத் தடையே நமக்குப் பாதுகாப்பு. சீட்டில் நம் பதிவு எண் இருக்க வேண்டும்; பணம் வாங்கினால் ரசீதும் தர வேண்டும். சீட்டை நேரடியாக ஒரு மருந்துக் கடைக்கு அனுப்புவதென்றால் நோயாளியின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். எந்தக் கடையில் வாங்குவது என்பது அவர் விருப்பம்.

சட்டத்துக்கு உட்பட்டு எழுதிய சீட்டும் ஆளைச் சாய்த்துவிடும் என்பதற்கு இன்சுலின் ஓர் எடுத்துக்காட்டு. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் குழலில் இருப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்கு உரியது சிவப்பு மூடி, 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. பேனா பழுதாகிவிட்டது என்று ஒருவர் சொல்கிறார். சிரிஞ்சால் குழலிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார். "சரி, 20 யூனிட் போடுங்கள்" என்று நாம் சொன்னால், வீட்டில் கிடக்கும் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுப்பார். அது அரை மில்லி. 100 யூனிட் மருந்தில் அரை மில்லி என்றால் அவர் உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை இறங்கி நினைவிழந்துவிடுவார். மாறாக, 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் எடுத்தால் 20 என்று எண்ணிப் போடுவது 8 யூனிட்டாகச் சுருங்கி, சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். நாமும் காரணம் தெரியாமல் அளவைக் கூட்டிக்கொண்டே போவோம். ஆகையால் இன்சுலின் அளவை மாற்றும் எந்த அழைப்பிலும் குப்பியையும் சிரிஞ்சையும் கேமரா முன் சேர்த்துப் பிடிக்கச் சொல்கிறேன். மருந்தை இழுத்துக் காட்டச் சொல்லி, கோட்டையும் பார்த்த பிறகே அடுத்த பேச்சு. இதற்கு ஆகும் நேரத்தை வீண் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

குழந்தைகளின் காய்ச்சல் மருந்திலும் இதே கதை. பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் கிடைக்கிறது, சொட்டு மருந்தாக வருவது ஒரு மில்லியிலேயே 100 மி.கி. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. போதும். முதல் சிரப்பில் அது 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. "ஆறு மில்லி கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த வீட்டில் இருப்பது சொட்டு மருந்தென்றால், குழந்தைக்கு நான்கு மடங்கு போய்விடும். பாட்டிலின் பெயரட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, எடையைக் கேட்டு, மில்லிக் கணக்கை எழுத்தில் அனுப்புவதே சரி. ஸ்பூன் கணக்கு வேண்டாம். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகளை வாயால் மட்டும் சொல்லவே கூடாது. தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் தமிழில் எழுதுங்கள்.

நோயாளிகள் அனுப்பும் படங்களும் அறிக்கைகளும் நம் தொலைபேசியின் புகைப்படத் தொகுப்பில் குடும்பப் படங்களோடு கலந்து கிடப்பதைப் பல மருத்துவர்களிடம் பார்க்கிறேன். வீட்டுப் பிள்ளைகள் கையில் எடுக்கும் தொலைபேசி அது. சக மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யோசனை கேட்பதற்காக, பெயரும் முகமும் தெரியும்படி ஒருவரின் ஸ்கேனைப் போடுவதும் சாதாரணமாக நடக்கிறது. படங்களைத் தானாகச் சேமிக்கும் வசதியை நிறுத்துங்கள். தொழிலுக்குத் தனி எண், தனித் தொலைபேசி வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் சேர்க்க வேண்டியதைச் சேர்த்துவிட்டு மற்றதை அழித்துவிடுங்கள். எப்போது, எந்த வழியில், யாருடன் பேசினோம், என்ன சொன்னோம், என்ன எழுதினோம் என்ற பதிவை வைத்திருப்பது நம் கடமை என்று வழிகாட்டுதல்களே சொல்கின்றன. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமும் வந்துவிட்டது.

இணைப்பு அறுந்துபோகும் என்பதையும் முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மலையடிவார ஊர்களில் மழை பெய்தால் சிக்னல் போய்விடும். பேசத் தொடங்கியதுமே இரண்டாவது எண் ஒன்றையும், இருக்கும் ஊர், தெரு விவரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டால், பாதியில் அறுந்தாலும் 108 ஆம்புலன்ஸுக்கு வழி சொல்ல முடியும்.

மறுமுனையில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால் தொலைமருத்துவம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல சான்றுகள் இருக்கின்றன. அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் நடத்திவரும் பார்வை மையங்களில் கண் மருத்துவர் உட்கார்ந்திருப்பதில்லை. பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் பார்வையைச் சோதித்து, விளக்குக் கருவியில் கண்ணைப் பரிசோதித்து, விவரத்தையும் படத்தையும் அனுப்புகிறார். பெரிய மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு நோயாளியுடன் காணொளியில் பேசுகிறார். எங்கள் தேனிப் பகுதியில் இதை அருகிலிருந்து பார்க்க எனக்கு வாய்த்தது. மருத்துவர் பேசுவது கொஞ்ச நேரம்தான் என்றாலும், அதற்கு முன் நடந்திருக்கும் வேலை அந்தப் பேச்சுக்குப் பலம் தருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் 2010-இல் தொடங்கிய மனநலப் பேருந்தும் இப்படித்தான். பேருந்துக்குள்ளேயே ஓர் அறையில் நோயாளி சென்னையிலுள்ள மனநல மருத்துவருடன் திரையில் பேசினார்; எழுதிய மருந்து அதே பேருந்தில் கிடைத்தது. மருந்துக்காக நகரம் வரை போக வேண்டியிருந்தால் அவர்களில் பலர் சிகிச்சையை விட்டிருப்பார்கள். அரசின் இ-சஞ்சீவனியும் 2019 நவம்பரில் சுகாதார நிலையத்துக்கும் மருத்துவருக்கும் இடையிலான இணைப்பாகத்தான் தொடங்கியது. நோயாளி வீட்டிலிருந்தே நேரடியாக அழைக்கும் பிரிவு 2020 ஏப்ரலில் சேர்ந்தது. இவ்வளவு பெரிய ஏற்பாடு தனியாகத் தொழில் செய்யும் நம்மால் முடியாது. ஆனால் நம் நோயாளிகள் வரும் ஊர்களில் உள்ள கிராம சுகாதார செவிலியர், ஆய்வகப் பணியாளர், நம்பகமான மருந்துக் கடைக்காரர் ஆகியோரின் எண்களைக் கையில் வைத்திருப்பதும், அவர்களோடு மரியாதையான பழக்கம் வைத்திருப்பதும் முடியும்.

பணம் தொடர்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த இளம் மருத்துவர் ஒருவர் ஒரு தனியார் ஆலோசனைத் தளத்தில் சேர்ந்தார். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை அழைப்பு என்று அங்கே இலக்கு இருந்தது. நோயாளிகள் தரும் நட்சத்திர மதிப்பீடு குறைந்தால் அழைப்புகளும் குறைந்தன. சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாட்டிக் எழுதாவிட்டால் ஒரு நட்சத்திரம். "நேரில் காட்டுங்கள்" என்று சொன்னாலும் ஒரு நட்சத்திரம். அவர் அங்கிருந்து வெளியே வந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நோயாளி நேரில் வரத் தயாராக இருக்கும்போதோ, நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்கும்போதோ, தொலைவழியிலேயே பார்ப்பேன் என்று வற்புறுத்துவது தொழில்நெறிக்கு மாறானது என்று வழிகாட்டுதல்கள் வெளிப்படையாகக் கூறுகின்றன. அதேபோல் எந்தக் கட்டத்திலும் அழைப்பை நிறுத்தி, இதற்கு மேல் நேரில்தான் பார்க்க முடியும் என்று சொல்லும் உரிமை மருத்துவருக்கும் உண்டு. அப்படிச் சொன்ன அழைப்புக்கு நான் கட்டணம் வாங்குவதில்லை. வாங்கினால் அடுத்த முறை அந்த வார்த்தையைச் சொல்ல என் நாக்கு தயங்கும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ அனுமதி இல்லை என்பதையும், இப்போது அத்தகைய இணைப்புகளோடு வரும் தளங்களில் சேரும்முன் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பை முடிக்கும் முன், நான் சொன்னதை நோயாளியையோ உடனிருப்பவரையோ திருப்பிச் சொல்லச் சொல்கிறேன்: எந்த மாத்திரை, எத்தனை வேளை, எத்தனை நாள், எது நடந்தால் எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும், அங்கே எப்படிப் போவீர்கள். கடைசிக் கேள்விக்குத்தான் பலரிடம் விடை இருக்காது. இரவு பத்து மணிக்கு மேல் பேருந்து இல்லாத ஊரில் வயதான தம்பதி மட்டும் இருந்தால், ஆட்டோ வைத்திருப்பவரின் பெயரையும் எண்ணையும் அப்போதே எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, தனியாக வாழும் முதியவர், இன்சுலின் அளவை மாற்றியவர் ஆகிய மூவகையினரையும் மறுநாள் காலையில் நாமே அழைக்க வேண்டும். என் கிளினிக்கில் அந்தப் பட்டியலைச் செவிலியர் தினமும் மாலையில் எழுதி மேசையில் வைத்துவிடுகிறார். காலையில் முதல் நோயாளி உள்ளே வரும் முன் அந்த அழைப்புகள் முடிந்திருக்கும்.